சாகச் சொல்லும் ‘நான்’ யாருடையது?

லெந்து நாட்கள் வந்துவிட்டால் பிரசங்க மேடைகளில் ஒரு சொல்லுக்குக் கிராக்கி ஏறிவிடும். சுயம். சுயம் சாக வேண்டும், சுயம் உடைய வேண்டும், ‘நான்’ போக வேண்டும், அந்த இடத்தில் கிறிஸ்து வந்து உட்கார வேண்டும். கத்தோலிக்கர்கள் இந்த நாட்களைத் தவக்காலம் என்பார்கள். சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைக்காரர்கள் லெந்து என்பார்கள். பெந்தெகொஸ்தே சபைகளில் லெந்து கிடையாது, ஆனால் அங்கே வருசம் பூராவும் சுயம் செத்துக்கொண்டே இருக்கும். ஞானஸ்நானத்தில், சடங்கில், மாதாவைப் பற்றிய நம்பிக்கையில் ஒத்துப்போகாதவர்கள் இந்த ஒரு விசயத்தில் மட்டும் ஒத்துப்போகிறார்கள்.

தன்னலம் தீமைதான். தன்னையே நடுவில் வைத்துச் சுற்றுகிற வாழ்க்கையை இயேசு மறுத்தார் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. என் கேள்வி வேறு. சாகச் சொல்கிற அந்த ‘நான்’ யாருடையது? எல்லாருக்கும் ஒரே அளவில் ஒரு ‘நான்’ அளந்து கொடுக்கப்பட்டிருக்கிறதா?

எங்க பக்கத்துச் சேகரம் ஒன்றில் ஒரே குருவானவர் காலை எட்டு மணிக்கு டவுன் கோயிலில் ஆராதனை நடத்திவிட்டு, பதினோரு மணிக்குக் கிராமத்துக் கிளைச் சபைக்கு மோட்டார் சைக்கிளில் வருவார். பிரசங்கக் குறிப்பு ஒன்றுதான். டவுனில் முன்வரிசையில் பள்ளிக்கூடத் தாளாளர் இருப்பார், காண்ட்ராக்டர் இருப்பார், சபைத் தேர்தலில் நிற்கப்போகிறவர் இருப்பார். பெருமையை விடு, பதவி ஆசையை விடு என்றால் அவர்களுக்கு அது பொருத்தமான மருந்து. குடிக்கிறார்களா என்பது அவர்கள் பாடு. அதே மருந்தை அதே அளவில் பதினோரு மணிக்குச் சேரிக் கோயிலில் ஊற்றுகிறார். அங்கே கீழே உட்கார்ந்திருக்கிற கிழவிக்கு எந்தப் பதவி, எந்தப் பெருமை? அவள் புருசன் உயிரோடு இருந்த நாள்வரை பண்ணையார் வாசலில் நின்று பேசும்போது ‘நான்’ என்று ஒரு வாக்கியத்தைத் தொடங்கியதே கிடையாது. ‘சாமி, அடிமை வந்திருக்கேன்’ என்றுதான் பேச்சு தொடங்கும். தன்னையே படர்க்கையில் வைத்துப் பேசிய ஜனம் அது. அவளைப் பார்த்து, ‘உன் நானைக் கொன்றுபோடு’ என்கிறார் ஐயர். (சி.எஸ்.ஐ. சபைகளில் குருவானவரை இன்னமும் ‘ஐயர்’ என்று கூப்பிடுகிற ஊர்கள் உண்டு. அந்தப் பட்டம் எங்கேயிருந்து வந்தது என்று ஒரு தனிக் கட்டுரை எழுதலாம்.)

தமிழ் எம்.ஏ. படித்தவள் என்பதால் கொஞ்சம் இலக்கணத்தை இழுக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தன்மைப் பன்மைக்குத் தமிழில் இரண்டு சொல் உண்டு. எதிரே நிற்கிறவரையும் உள்ளே சேர்த்துச் சொன்னால் ‘நாம்’. அவரை வெளியே நிறுத்திச் சொன்னால் ‘நாங்கள்’. பழந்தமிழிலும் ‘நாம்’, ‘யாம்’ என்று இந்தப் பிரிவு இருந்தது. இங்கிலீசில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். அதனால் வேதாகமத்தைத் தமிழில் பெயர்த்தவர்கள் ஒவ்வொரு இடத்திலும் யோசித்திருக்க வேண்டும்: இங்கே கேட்கிறவன் உள்ளேயா, வெளியேயா? கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் கடவுளை முன்னிலையில் வைத்துப் பேசுவதால் ‘எங்கள்’ என்றே வந்தாக வேண்டும். இலக்கணப்படி சரி. ஆனால் அந்த ‘எங்கள்’ என்கிற வட்டத்துக்குள் யார் யார் நிற்கிறார்கள் என்பதை இலக்கணம் சொல்லாது. அதைக் கல்லறைத் தோட்டத்தில் போய்த்தான் பார்க்க வேண்டும்.

சாதி என்பது ‘நான்’ என்று பேசுவதே இல்லை. அது ‘நாங்க’ என்றுதான் பேசும். ‘எங்க தெரு’, ‘எங்க கோயில்’, ‘எங்க ஆளுக’, ‘எங்களுக்குன்னு ஒரு மரியாதை இருக்கு’. ஆதிக்க சாதிக் கிறித்தவர் தன்னுடைய ‘நானை’ நாள்தோறும் உண்மையாகவே தாழ்த்திக்கொள்ள முடியும். முழங்காலில் நிற்கலாம், உபவாசம் இருக்கலாம், பாவி பாவி என்று மார்பில் அடித்துக்கொள்ளலாம். அது எதுவும் அவருடைய ‘நாங்களை’த் தொடாது. அவரைப் பாசாங்கு பண்ணுகிறார் என்றும் நான் சொல்லவில்லை. மனமுருகித்தான் அழுகிறார். அழுது முடித்து எழுந்து போய்த் தன் சாதிப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார். பிரசங்கம் குறிவைத்த இடம் அப்படி. ஒருமையைக் குறிவைத்தது, பன்மையை விட்டுவிட்டது.

இது நேற்று வந்ததில்லை. ராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரைக்கு வந்தார். ரோமாபுரிப் பிரபுக் குடும்பத்துப் பிள்ளை. காவி கட்டினார், புலால் ஒதுக்கினார், ஒரு வேளை உணவு கொண்டார். அவருடைய தவத்தைத் தமிழ்க் கிறித்தவர்கள் இன்றும் வியந்து பேசுவார்கள். ஆனால் அந்தத் தவம் எதற்காக? ‘பரங்கி’ இல்லை, பறையரோடும் மீன்பிடிக்கிறவரோடும் புழங்குகிறவர் இல்லை என்று மேல்சாதியாருக்குக் காட்டுவதற்காகவும்தான். அவருக்கு முன்பே மதுரையில் இருந்து பரவர்களிடையே ஊழியம் பார்த்துக்கொண்டிருந்த சேசுசபைக் குருவிடமிருந்து தம் குடியிருப்பைப் பிரித்துக்கொண்டார். பின்னால் மேல்சாதிக்கு சந்நியாசிகள், கீழ்சாதிக்குப் பண்டாரசாமிகள் என்று குருக்களையே இரண்டாகப் பிரித்தது மதுரை மிஷன். சுயமறுப்பும் தீட்டு விலக்கமும் ஒரே துணியில் ஊடும் பாவுமாக நெய்யப்பட்டிருக்கின்றன. எது சிலுவைக்காக விட்ட மாமிசம், எது சாதிக்காக விட்ட மாமிசம் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

புராட்டஸ்டன்ட் பக்கமும் இதே கதைதான். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) ‘பெத்லகேம் குறவஞ்சி’ எழுதிய பெரும் புலவர். ஆண்டவர் முன் தன்னை ஒன்றுமில்லாதவனாக வைத்துப் பாடுகிற பக்தி மரபில் அவருக்கு முதலிடம் கொடுத்திருக்கிறார்கள். அதே சாஸ்திரியார்தான், புதிதாக வந்த மிஷனரிகள் சபைக்குள்ளும் கர்த்தருடைய பந்தியிலும் சாதிப் பிரிவை நீக்கச் சொன்னபோது, 1829இல் அவர்களை எதிர்த்து எழுதினார். பக்தியில் கரைந்த ‘நான்’ பாத்திரத்துக்கு முன்னால் வந்ததும் ‘நாங்கள்’ ஆகி இறுகிப்போனது. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைகளில் சாதியை அறவே விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது தஞ்சாவூர்ச் சபையில் பெரும் பகுதி வேளாளர்கள் வெளியேறினார்கள். சுவிசேசத்துக்காகச் சொத்தையும் சொந்தத்தையும் துறந்தவர்களின் பிள்ளைகள் அவர்கள். அவர்களால் துறக்க முடியாமல் போனது ஒரே ஒரு கிண்ணம்.

வடக்கன்குளத்தில் வெள்ளாளரும் நாடாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பூசை பார்ப்பதற்கென்றே 1870களில் இரண்டு கைகளாகக் கோயில் கட்டிக் கொடுத்தார்கள். நடுச்சுவரை இடிக்க வேண்டும் என்றபோது வழக்கு கோர்ட்டுக்குப் போனது. ஆ. சிவசுப்பிரமணியன் ‘கிறித்தவமும் சாதியும்’ (2001) என்ற நூலில் அந்த ஊரின் கதையை விரிவாக எழுதியிருக்கிறார். அங்கே சண்டை வெள்ளாளருக்கும் நாடாருக்கும். எங்க ஆட்கள் அந்தச் சுவரின் எந்தப் பக்கத்திலும் கணக்கில் இல்லை. திருச்சி மேலப்புதூர் கல்லறையில் செத்தவர்களையும் பிரித்து வைத்த சுவருக்கு எதிராகத் தலித் கிறித்தவர்கள் போராட வேண்டியிருந்தது. எறையூரில் பக்கவாட்டில் உட்கார வைக்கப்பட்ட தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச் 9 அன்று வன்னியக் கிறித்தவர்கள் அவர்கள்மேல் பாய்ந்தார்கள், வீடுகள் நொறுங்கின, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியர் இரண்டு பேர் செத்தார்கள். அந்த நாளைக் காலண்டரில் எடுத்துப் பாருங்கள். தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. சுயம் சாக வேண்டும் என்று ஒரு மாசமாகப் பிரசங்கம் கேட்டிருந்த ஜனம்.

இனி பாமாவின் ‘கருக்கு’க்கு வருகிறேன். 1992இல் வந்த புத்தகம். வந்த புதிதில் இதை நாவலா, தன்வரலாறா, வெறும் புலம்பலா என்று கேட்டார்கள். பேச்சுமொழியைக் கொச்சை என்றார்கள். முப்பது வருசத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது கல்லூரிப் பாடத்தில் வைத்து, பரிட்சைக்குக் கேள்வி கேட்டு, அதைச் சாதுவாக்கிவிட்டார்கள். ‘தலித் பெண்ணின் அவலம்’ என்று ஒரு தலைப்பு போட்டு ஐந்து மார்க்குக்கு விடை எழுதுகிறார்கள். நான் அதைக் கன்னியாஸ்திரி மடத்தின் வார்த்தைப்பாடுகளோடு மோதிய ஒரு பிரதியாக வாசிக்க விரும்புகிறேன். ஏனென்றால் சுயத்தைச் சாகடிப்பதை ஒரு முழுநேர வேலையாக, பயிற்சியாக, சட்டமாக வைத்திருக்கிற இடம் மடம்தான். அந்த இடத்துக்குள் போய் ஒரு தலித் பெண் வெளியே வந்து எழுதியிருக்கிறாள்.

வார்த்தைப்பாடு மூன்று. ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல். மூன்றுமே ‘நான்’ என்பதைக் குறைக்கும் வழிகள். எனக்கென்று பொருள் இல்லை, எனக்கென்று உடல் இல்லை, எனக்கென்று விருப்பம் இல்லை. வசதியான வீட்டிலிருந்து வருகிற பெண்ணுக்கு இதில் ஏதோ ஒன்று நிஜமாகவே துறப்பு. கருக்கில் வருகிற பெண்ணுக்கு? ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்து மடத்துக்குள் நுழைகிறாள். உள்ளே சாப்பாடு, கட்டில், வசதி எல்லாம் அவள் பிறந்த தெருவில் யாரும் கண்டிராதது. ஏழையாக இருப்பேன் என்று சத்தியம் செய்த பிறகுதான் அவள் வாழ்க்கையில் வசதி வருகிறது. இந்த முரணை பாமா தத்துவம் எதுவும் பேசாமல், வயிற்றெரிச்சலோடு அப்படியே வைத்துவிடுகிறார். தெருவிலே கஞ்சிக்கு அலைகிறவர்களை மறக்க வைக்கிற ஏழ்மை அது.

கீழ்ப்படிதல் இன்னும் மோசம். மேலே இருக்கிறவரின் சித்தம் ஆண்டவரின் சித்தம் என்பது மடத்தின் தர்க்கம். இந்தத் தர்க்கம் அவளுக்குப் புதுசா? நாயக்கர் வீட்டில் வேலை பார்த்த பாட்டியிடம் சின்ன வயதிலேயே பார்த்துவிட்டாள். தண்ணீரை உயரத்திலிருந்து ஊற்றுவார்கள், பாட்டி கையேந்திக் குடிப்பாள். கேள்வி கேட்டால் நமக்குச் சோறு போடுகிற மகராசர்கள் என்பாள். பாட்டியின் அடக்கத்துக்கும் மடத்தின் அடக்கத்துக்கும் என்ன வித்தியாசம் என்று புத்தகம் நேரடியாகக் கேட்கவில்லை. இரண்டையும் ஒரே புத்தகத்தில் வைத்திருப்பதே கேள்விதான். புண்ணியம் என்று மடம் பெயர் வைத்திருப்பதை ஊரில் அடிமைப் புத்தி என்பார்கள்.

எல்லாருக்கும் தெரிந்த அந்த வடைப் பொட்டலக் காட்சியையும் இப்படி வாசிக்கலாம். தெருவில் ஒரு பெரியவர் பொட்டலத்தைத் தொடாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறார். சின்னப் பிள்ளைக்குச் சிரிப்பு வருகிறது. அண்ணன் சொன்ன பிறகுதான் அது தீட்டு என்று புரிகிறது, சிரிப்பு கோபமாகிறது. அந்தப் பெரியவர் தன்னைத் தாழ்த்தியிருக்கிறார். தன்னை வெறுமையாக்கியிருக்கிறார். பிரசங்கத்தின் அளவுகோலைக் கொண்டு அளந்தால் அவர் அப்பழுக்கற்ற சீடர். இப்படி ஒரு முடிவுக்கு நம்மைக் கொண்டுவிடுகிற அளவுகோலை என்ன செய்வது?

புத்தகத்தில் ‘நான்’ என்று பேசுகிறவளுக்குப் பெயர் கிடையாது என்பதைக் கவனித்தீர்களா? ஒருமையில் தொடங்குகிற வாக்கியம் பாதியில் ‘நாங்க’ ஆகிவிடும், தெருவே அதில் ஏறிக்கொள்ளும். அதே சம்பவம் வேறு அத்தியாயத்தில் வேறு கோணத்தில் திரும்ப வரும். வரலாற்று வரிசை கிடையாது. தன்வரலாறு என்றால் தன்னை உயர்த்திப் பேசுகிற எழுத்து என்று காந்தி காலத்திலிருந்தே ஒரு கூச்சம் இருக்கிறது. கருக்கில் அந்தக் கூச்சத்துக்கு வேலை இல்லை. இங்கே ‘நான்’ உயர்ந்துகொண்டிருக்கவில்லை, அப்போதுதான் உண்டாகிக்கொண்டிருக்கிறது. எங்களிடம் தன்னிலை என்று ஒன்று உருவாகும் இடத்தைத் தமிழ் உரைநடையில் கண்ணால் பார்க்கலாம் என்றால் இந்தப் புத்தகத்தில் பார்க்கலாம். அவள் மடத்தை விட்டு வெளியேறியதைச் சில பங்குச் சாமியார்கள் ‘சுயசித்தம்’ என்று பேசியதை நானே கேட்டிருக்கிறேன். ஆமாம், சுயசித்தம்தான். அவள் வம்சத்தில் அதுவரை யாருக்கும் கிடைக்காத சாமான் அது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாமாவின் அண்ணன் ராஜ் கௌதமன் (2024இல் காலமானார்) எழுதிய ‘சிலுவைராஜ் சரித்திரம்’ (2002) அதே ஊர், அதே கோயில் மணி, அதே பாவசங்கீர்த்தனம். அவர் ‘நான்’ என்றே சொல்வதில்லை. சிலுவையைப் படர்க்கையில் நிறுத்தி, அவனைப் பார்த்துச் சிரிக்கிறார். ஒரு வீட்டிலிருந்து இரண்டு பேர், ஒருத்தி தன்மையில் எரிகிறாள், ஒருவர் படர்க்கையில் எள்ளி நகையாடுகிறார். எனக்கு இரண்டும் வேண்டும். ஆனால் ஓர் ஆண் தன்னைப் பார்த்துத் தானே சிரித்துக்கொள்ள முடிவதற்குக்கூட, இழந்தாலும் மிச்சமிருக்கிற ஒரு ‘நான்’ வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதைப் பற்றி இங்கே நீட்டவில்லை.

இந்தச் சிக்கலை இறையியலில் முதலில் கூர்மையாகச் சொன்னது ஓர் அமெரிக்கப் பெண். வேலரி செய்விங் 1960இல் ஒரு கட்டுரை எழுதினார். பாவம் என்றால் அகந்தை, மீட்பு என்றால் சுயநலமற்ற அன்பு என்கிற சூத்திரம் ஆண்களின் அனுபவத்திலிருந்து வந்தது என்றார். பெண்ணின் சறுக்கல் அகந்தை கிடையாது. தனக்கென்று ஒரு மையம் இல்லாமல் சிதறிப்போவது, எல்லாருக்கும் கொடுத்துக் கொடுத்துத் தன்னையே கரைத்துவிடுவது. அவளிடம் போய் ‘இன்னும் கரை’ என்று சொல்கிற இறையியல், அவள் நோயையே மருந்தாகக் கொடுக்கிறது. செய்விங் வெள்ளைக்காரப் பெண்களை மனதில் வைத்து எழுதினார். அந்த வாதம் சேரிக் கோயிலில் கீழே உட்கார்ந்திருக்கிற கிழவிக்கு எத்தனை மடங்கு பொருந்தும் என்று நாம்தான் கணக்குப் போட வேண்டும். நம்ம பக்கத்தில் அர்விந்த் நிர்மல் 1981இல் பெங்களூரில் பேசத் தொடங்கி, பின்பு சென்னை குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் தலித் இறையியலுக்கு இடம் உண்டாக்கினார். அவர் முதலில் செய்த காரியம், தலித் கிறித்தவன் தன் வேரைத் தானே சொல்லட்டும், நான் யார், என் முன்னோர் யார் என்று உபாகமத்தின் விசுவாச அறிக்கையைப் போல அறிக்கையிடட்டும் என்பது. ‘நானை’ அழிக்கும்படி கேட்கவில்லை, உச்சரிக்கும்படி கேட்டார்.

பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தை உடனே எடுத்து நீட்டுவார்கள். கிறிஸ்து தம்மை வெறுமையாக்கி அடிமையின் ரூபம் எடுத்தார், நீயும் அப்படியே செய். சரி, வாசிப்போம். அங்கே வெறுமையாக்கிக்கொண்டது யார்? கடவுளுக்குச் சமமாக இருந்தவர். மேலே இருந்தவர் கீழே வந்தார். ஏற்கெனவே அடிமையாக இருக்கிறவன் அடிமையின் ரூபத்தை எப்படி எடுப்பான்? போட்டிருக்கிற சட்டையை எப்படிப் போடுவது? அந்தப் பாட்டு மேலே இருக்கிறவனுக்குக் கட்டளை, கீழே இருக்கிறவனுக்கு நற்செய்தி. இரண்டையும் ஒன்றாக்கி எல்லாருக்கும் கட்டளையாகப் பிரசங்கித்தால் கீழே இருக்கிறவன் பங்கில் நற்செய்தி காணாமல் போய்விடுகிறது. பிறனை நேசிப்பதற்கு அளவாக இயேசு வைத்ததும் உன்னை நேசிப்பதைத்தான். தன்னை நேசிக்க விடப்படாதவன் எந்த அளவைக் கொண்டு பிறனை அளப்பான்?

பெரிய வியாழன் பாதம் கழுவுகிற சடங்கும் இதே இடத்தில்தான் தடுக்குகிறது. பன்னிரண்டு பேர் காலைக் குருவானவர் கழுவுவார். பெண்கள் காலையும் கழுவலாம் என்று 2016இல் ரோமிலிருந்து திருத்தம் வந்தது. நல்லதுதான். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் தாழ்மை யாருடைய கணக்கில் ஏறுகிறது? கழுவுகிறவர் கணக்கில். கால் நீட்டுகிறவன் அடுத்த நாளும் அதே பக்கவாட்டில்தான் நிற்கிறான்.

‘ஆண்டவர் முன்னால எல்லாரும் ஒண்ணுதான், நீங்க எப்பப் பார்த்தாலும் தலித் தலித்துன்னு பேசுறதே ஒரு சுயநலம் இல்லையா?’ என்று சிநேகிதமாகக் கேட்கிற போதகர்கள் இருக்கிறார்கள். 1950 ஜனாதிபதி ஆணை பட்டியல் சாதி என்றால் இந்து என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்துக்கொண்டது, கிறித்தவனைச் சேர்க்கவில்லை. அதனால் எங்க தெருக்களில் கோயில் பதிவேட்டில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர் என்று இரண்டு பெயரோடு வளர்கிற பிள்ளைகள் உண்டு. ஞானஸ்நானம் கொடுத்த பெயரைச் சொன்னால் சலுகை போய்விடும். சலுகைக்கான பெயரைச் சொன்னால் சபையில் பேச்சு வாங்க வேண்டும். பிழைப்புக்கே ‘நானை’ இரண்டாகக் கிழித்து வைத்திருக்கிறவனிடம் சுயநலம் என்று பேசுகிறவர், தன் சாதிச் சான்றிதழில் எதையும் மறைக்க வேண்டிய தேவை இல்லாதவர்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, அப்படியானால் தலித் கிறித்தவருக்குத் தன்னலம் என்கிற கேள்வியே இல்லை என்று நிறுத்திக்கொண்டால் அது ஏமாற்று வேலை. நமக்கும் ஒரு ‘நாங்க’ இருக்கிறது. பாமாவே அதை எழுதியிருக்கிறார் என்பதால்தான் அவரை மதிக்கிறேன். ‘சங்கதி’யில் (1994) மாரியம்மா வருகிறாள். நிலக்காரன் கையைப் பிடித்து இழுக்கிறான், தப்பி ஓடிவருகிறாள், அவன் முந்திக்கொண்டு அவள்மேலேயே பழி போடுகிறான். ஊர்க்கூட்டத்தில் நம்ம ஆம்பளைகள் உட்கார்ந்து அவளைத்தான் விழுந்து மன்னிப்புக் கேட்க வைக்கிறார்கள், அபராதமும் போடுகிறார்கள். ஊர் நன்மைக்காக நீ அடங்கு. மடத்தில் கேட்ட அதே பேச்சு, பேசுகிற வாய்தான் வேறே. ‘வன்மம்’ (2002) இன்னும் சங்கடமான புத்தகம். பறையரும் பள்ளரும் மேல்சாதிக்காரன் மூட்டிவிட்ட பகையில் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொள்கிறார்கள். ஒரு பக்கம் சிலுவை, ஒரு பக்கம் அம்மன். சிலுவை இருக்கிற பக்கத்துக்கு அதனால் தனிக் கருணை எதுவும் சுரந்துவிடவில்லை. அந்தப் புத்தகம் வந்தபோது ‘நம்ம சண்டையை வெளியே சொல்லலாமா’ என்று நம்ம இயக்கங்களிலேயே முணுமுணுத்தார்கள். அருந்ததியர் வீட்டில் கை நனைக்காத பறையர் கிறித்தவர்களும் பள்ளர் கிறித்தவர்களும் இன்றைக்கும் இருக்கிறார்கள். இதைச் சொல்வதால் நம்ம பெயர் கெட்டுப்போகும் என்றால், கெடட்டும்.

பரட்டை என்கிற தியாப்பிலஸ் அப்பாவு மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பாடம் சொன்னவர், 2005இல் இறந்தார். கடவுளை ராஜாவே, கர்த்தரே என்று கூப்பிடாமல் ‘பெத்தவரே’ என்று கூப்பிட்டுப் பாட்டுக் கட்டினார். நற்கருணைக்கு அவர் வைத்த பெயர் ‘ஒரு ஒலை’. ஆளுக்கொரு அப்பத் துண்டும் சின்னக் கிண்ணமும் கொடுத்துக் கண்ணை மூடித் தன் பாவத்தைத் தானே நினைக்கச் சொல்வதை விட்டுவிட்டு, எல்லார் வீட்டு அரிசியையும் ஒரே உலையில் போட்டுப் பொங்கிச் சேர்ந்து சாப்பிடுவது. தன்னலத்தைப் பற்றி நான் வாசித்த பெரிய பெரிய பக்தி நூல்களைவிட இந்த ஒரு வார்த்தை எனக்கு உபயோகமாக இருக்கிறது. இதில் ‘நானை’ யாரும் கொல்லச் சொல்லவில்லை. அவளவள் பசியோடு வரலாம். ஆனால் உலை ஒன்றாக இருந்தால் ‘நாங்களை’ வீட்டிலேயே விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். சோறு ‘நாம்’ என்கிற கணக்கில்தான் வேகும்.

போன வருசம் எங்க பகுதியில் பெண்கள் கொஞ்சம் பேர் சேர்ந்து சாயந்திரங்களில் ‘கருக்கை’ச் சத்தமாக வாசித்தோம். வாசிக்கத் தெரியாதவர்கள்தான் அதிகம், கேட்டார்கள். மடத்தை விட்டு வெளியே வருகிற இடம் முடிந்ததும் ஒரு பாட்டி கேட்டாள்: ‘வந்தது சரித்தா. வந்து எங்க தங்குனா? அன்னிக்கி ராத்திரி சோத்துக்கு என்ன பண்ணுனா?’ விமர்சகர்கள் யாரும் கேட்காத கேள்வி. ‘நான்’ என்று ஒருத்தி சொல்லிவிட்டால் அன்று ராத்திரி அவளுக்கு ஒரு வீடு வேண்டும், ஒரு தட்டு வேண்டும் என்பது அந்தப் பாட்டிக்கு உடனே தெரிந்திருக்கிறது.

அடுத்து ‘வன்மம்’ வாசிக்கலாம் என்று முடிவு. அதை எங்க தெருவில் மட்டும் உட்கார்ந்து வாசித்தால் அர்த்தமில்லை, ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளர் தெருப் பெண்களையும் அருந்ததியர் காலனிப் பெண்களையும் கூப்பிட வேண்டும் என்று ஒரு பேச்சு வந்தது. வருகிறவர்களுக்குச் சாப்பாடு போட வேண்டும் என்பதிலும் சண்டை இல்லை. யார் வீட்டில் உலை வைப்பது என்று கேட்டதும் கூட்டம் அமைதியாகிவிட்டது. கோயில் வளாகத்தில் வைக்கலாம் என்றார் ஒருத்தி, அது யாருக்கும் சங்கடம் இல்லாத இடம் என்றார். அருந்ததியர் காலனியிலேயே வைத்து, அவர்கள் கையாலேயே பொங்கச் சொல்லி, நாம் போய் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றேன். மூன்று கூட்டம் முடிந்துவிட்டது, பேச்சு இன்னும் முடியவில்லை. இரண்டு பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். அந்தப் பாட்டி மட்டும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் வந்து, அரிசி எத்தனை படி போடணும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.